டர்ன்டேபிள் மக்கர் பண்ணுகிறதா? பழுதுபார்ப்பது, மாற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாட்டு சரியாகக் கேட்கவில்லை. கோளாறு டர்ன்டேபிளில்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் மூன்று வேறு ரெக்கார்டுகளைப் போட்டுப் பாருங்கள். ஒன்றில் மட்டும் தகராறு என்றால் பிளேயரைத் தொட வேண்டாம். எல்.பி., அதாவது நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் ரெக்கார்டு, ஒரு சுற்று சுற்ற 1.8 விநாடி ஆகும். அதே இடைவெளியில் குரல் இழுத்து இழுத்து வந்தால், பெரும்பாலும் ரெக்கார்டின் நடு ஓட்டை மையம் தவறியிருக்கும், அல்லது ரெக்கார்டு வெயிலில் வளைந்திருக்கும். ஊசி தாங்கும் கையைக் கவனியுங்கள். பக்கவாட்டில் ஆடினால் ஓட்டைக் கோளாறு. ஏறி இறங்கினால் வளைவு.

எல்லா ரெக்கார்டிலும் அதே கதை என்றால், ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸ் பின்னில் கைபேசியைச் செருகிப் பாட்டுப் போடுங்கள். அதிலும் கரகரப்பு என்றால் ஆம்ப் அல்லது ஸ்பீக்கர். சுத்தமாகக் கேட்டால்தான் டர்ன்டேபிள் பக்கம் வரவேண்டும். இந்தப் பத்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் புதுப் பிளேயர் வாங்கி, அதிலும் அதே இரைச்சலைக் கேட்பவர்கள் நிறையப் பேர். "செத்துப்போச்சு" என்று ஒதுக்கப்படும் பிளேயர்களில் பெரும்பாலானவற்றுக்கு வேண்டியது ஒரு ஊசியோ ஒரு பெல்ட்டோதான்.

சத்தம் ஈனஸ்வரத்தில் வருகிறது. பேஸ் சுத்தமாக இல்லை.

ஃபோனோ ப்ரீஆம்ப் இல்லாமல் நேரடியாக ஆக்ஸில் செருகியிருப்பீர்கள். ஊசியின் அசைவை மின்சிக்னலாக மாற்றும் சின்ன டப்பாதான் கார்ட்ரிட்ஜ். காந்த வகைக் கார்ட்ரிட்ஜ் தருவது 5 மில்லிவோல்ட் அளவுதான். தவிர, ரெக்கார்டில் பேஸைக் குறைத்து, ட்ரெபிளைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள். அதைத் தலைகீழாக்கிச் சமன் செய்வது ஃபோனோ ப்ரீஆம்பின் வேலை. பல புதுப் பிளேயர்களில் அது உள்ளேயே இருக்கிறது. பின்பக்கம் ஃபோனோ, லைன் என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். ஆக்ஸில் செருகினால் லைன், ஆம்பின் ஃபோனோ பின்னில் செருகினால் ஃபோனோ. இரண்டு ப்ரீஆம்பும் சேர்ந்துவிட்டால் சத்தம் வெடித்துச் சிதறும், பேஸ் குமுறும். அதுவும் பழுது இல்லை.

ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் ஊமை. என்ன செய்வது?

ஆம்பின் பின்னால் சிவப்பு, வெள்ளைப் பின்களை இடம் மாற்றிச் செருகுங்கள். ஊமை அடுத்த ஸ்பீக்கருக்கு மாறினால் கோளாறு பிளேயரில். மாறாவிட்டால் ஆம்பிலோ ஸ்பீக்கரிலோ.

பிளேயரில்தான் என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது ஹெட்ஷெல், அதாவது கையின் நுனியில் கார்ட்ரிட்ஜைத் தாங்கும் பகுதி. கழற்றும் வகையாக இருந்தால் கழற்றி, பின்னால் இருக்கும் நான்கு சிறு தொடுமுனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட காது பட்ஸால் துடையுங்கள். கடலோர ஊர்களில் அந்த முனைகள் கறுத்துப்போவது சகஜம். துடைத்தும் சரியாகவில்லை என்றால் கார்ட்ரிட்ஜின் பின்னால் போகும் நான்கு மெல்லிய வயர்களைப் பாருங்கள். வெள்ளை இடது பிளஸ், நீலம் இடது மைனஸ், சிவப்பு வலது பிளஸ், பச்சை வலது மைனஸ். எது தளர்ந்திருக்கிறதோ அதன் கிளிப்பை ட்வீசரால் லேசாக நெருக்கி மறுபடி செருகுங்கள். கார்ட்ரிட்ஜில் வயர் இருக்கும்போதே சால்டரிங் ஐயனைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். உள்ளே இருக்கும் முடி போன்ற காயில் சூட்டில் அறுந்துவிடும்.

மல்டிமீட்டர் இருந்தால் வயர்களைக் கழற்றிவிட்டு, வெள்ளை-நீலப் பின்களுக்கு இடையிலும் சிவப்பு-பச்சைப் பின்களுக்கு இடையிலும் ஓம் பாருங்கள். மூவிங் மேக்னட் வகையில் (ஊசியோடு காந்தம் அசையும் வகை) சில நூறு முதல் ஆயிரத்து முந்நூறு ஓம் போல வரும். இரண்டு ஜோடியும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று திறந்த சுற்றாகக் காட்டினால் கார்ட்ரிட்ஜ் காலி. மூவிங் காயில் வகையில் (ஊசியோடு காயில் அசையும் வகை) இந்தச் சோதனை வேண்டாம்.

வேகம் சரியில்லை என்று தோன்றுகிறது. எப்படி உறுதிப்படுத்துவது?

காசில்லாத வழி: பிளாட்டரின், அதாவது ரெக்கார்டைத் தாங்கிச் சுற்றும் தட்டின், ஓரத்தில் ஒரு துண்டு செல்லோடேப்பை ஒட்டி, ரெக்கார்டை வைத்து, ஊசியையும் இறக்கிவிட்டு எண்ணுங்கள். 3 நிமிடத்தில் சரியாக 100 சுற்று வரவேண்டும். 98 வந்தால் 2 சதவீதம் மந்தம். ஊசியை இறக்காமல் எண்ணுவது பயனில்லை. பெல்ட் தளர்ந்த பிளேயர் சும்மா சுற்றும்போது ஒழுங்காக ஓடி, ஊசி உரசும்போதுதான் சோரும்.

ஸ்ட்ரோப் அட்டையை (வேகம் சரியாக இருந்தால் மின்விளக்கில் கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் காட்டும் வட்ட அட்டை) பயன்படுத்துவோர் 50 ஹெர்ட்ஸ் வளையத்தைப் பார்க்க வேண்டும். 33⅓ சுற்றுக்கு அதில் 180 கோடுகள் இருக்கும். 216 கோடுகள் உள்ளது 60 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கு. இன்றைய எல்.இ.டி. பல்புகள் பலவற்றில் போதிய துடிப்பு இருப்பதில்லை, கோடுகள் மசமசவென்று தெரியும். பழைய குண்டு பல்போ, டெஸ்டரில் இருப்பது போன்ற நியான் பல்போ நல்லது.

சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. வேகம் 6 சதவீதம் கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறும். 5 கட்டையில் பாடியவர் 5½ கட்டையில் பாடுவதாகக் கேட்கும். தம்புரா ஆப்பை வைத்து ஒத்துப்பாருங்கள். ஆனால் பதிவின்போதே சுருதி என்ன என்பது தெரிந்த ரெக்கார்டாக இருக்க வேண்டும்.

வேகம் தவறுவதற்குக் காரணம் என்ன?

பிளேயர் எந்த வகை என்பதைப் பொறுத்தது.

பெல்ட் வகையில் முதல் சந்தேகம் பெல்ட். ரப்பர் வருஷக்கணக்கில் இழுபட்டுத் தளரும். சில பழைய பெல்ட்டுகள் தார் மாதிரி உருகி, மோட்டார் முனையில் இருக்கும் சின்னச் சக்கரமான புல்லியில் அப்பிக்கொள்ளும். அதைச் சுரண்டாதீர்கள். ஆல்கஹாலில் நனைத்த துணியால் பொறுமையாகத் துடையுங்கள். புல்லியும் பெல்ட் ஓடும் விளிம்பும் கை பட்டால் அழுக்காகாத அளவுக்குச் சுத்தமான பிறகே புதுப் பெல்ட். போடும்போது முறுக்கு விழக்கூடாது, விரல் எண்ணெயும் படக்கூடாது. வழுக்குகிறது என்று பவுடர் போடுவார்கள் சிலர். அது இன்னும் வழுக்கவே செய்யும்.

பெல்ட் புதிது, வேகம் மட்டும் தவறுகிறது, மோட்டார் டி.சி. வகை என்றால் அடியிலோ மோட்டார் உடலிலோ 33, 45 என இரண்டு சிறு திருகு துளைகள் இருக்கலாம். சிறு ஸ்க்ரூடிரைவரால் மயிரிழை அளவே திருப்பி, மறுபடி 100 சுற்று எண்ணுங்கள். எந்தப் பக்கம், எவ்வளவு திருப்பினீர்கள் என்று குறித்துக்கொண்டே போவது நல்லது.

டைரக்ட் டிரைவ் வகையில் பெல்ட்டே கிடையாது. வேகம் திடீர் திடீரென்று குதித்தால், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிட்ச் ஸ்லைடருக்குள் தூசி. கான்டாக்ட் கிளீனரை ஒரு பீச்சு அடித்து ஸ்லைடரை ஐம்பது தடவை மேலும் கீழும் ஓட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தீரவில்லை என்றால் பவர் சப்ளையில் இருக்கும் எலெக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்கள் வற்றியிருக்கலாம். அது ரேடியோ, டி.வி. ரிப்பேர் தெரிந்தவர் கைக்குப் போகவேண்டிய வேலை.

ஐட்லர் வகையில், அதாவது மோட்டாருக்கும் பிளாட்டருக்கும் நடுவில் ரப்பர் சக்கரம் ஓடும் பழைய பிளேயரில், அந்த ரப்பர் கெட்டித்துப் பளபளப்பாகிவிடும். உப்புத்தாளால் மேல்தோலை மட்டும் லேசாக உரசினால் பிடிப்பு திரும்பும். பள்ளம் விழுந்திருந்தால் "டப், டப்" என்று கேட்கும். அப்போது சக்கரத்துக்குப் புது ரப்பர் போடவேண்டும்.

எந்த அளவு பெல்ட் வாங்குவது?

மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்பதே உத்தமம். அது கிடைக்காதபோது, பெல்ட் ஓட வேண்டிய பாதையைச் சுற்றி, அதாவது உள் பிளாட்டரையும் புல்லியையும் சேர்த்து, நூலைச் சுற்றி அளந்து அதில் 5 சதவீதம் கழியுங்கள். பெல்ட்டை இழுக்காமல் வைத்திருக்கும்போது அந்தச் சுற்றளவுதான் இருக்க வேண்டும். ரொம்ப இறுக்கமான பெல்ட்டும் கெடுதல். மோட்டார் சத்தம் ரெக்கார்டு வரைக்கும் ஏறும், மோட்டாரின் புஷ் தேயும். பழைய பெல்ட்டை அளந்து அதே அளவுக்கு வாங்குவதுதான் பலர் செய்யும் தப்பு. அது ஏற்கெனவே நீண்டுபோன பெல்ட்.

அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பிளேயர். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டும் பாட்டு ஆமை வேகத்தில் ஓடுகிறதே?

டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. ஏ.சி. சிங்க்ரனஸ் மோட்டார் ஹெர்ட்ஸுக்கு ஏற்பத்தான் சுற்றும். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த புல்லி 50 ஹெர்ட்ஸில் 33⅓-க்குப் பதில் நிமிடத்துக்கு 27.8 சுற்றுதான் தரும். 5 கட்டைப் பாட்டு 3 கட்டையில் கேட்கும். தீர்வு, அதே மாடலின் 50 ஹெர்ட்ஸ் புல்லி. சவுதியிலும் 60 ஹெர்ட்ஸ்தான் என்பதால் அங்கிருந்து வருவதிலும் இதைப் பாருங்கள். அமீரகம், சிங்கப்பூர், மலேசியா, இலங்கை எல்லாம் நம்மைப்போல் 50. டைரக்ட் டிரைவ், டி.சி. மோட்டார், அடாப்டர் வகைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை, வோல்ட் பொருந்தினால் போதும்.

இதோடு சேர்ந்த விஷயம் இன்வெர்ட்டர். கரன்ட் போனதும் மோட்டார் "ர்ர்ர்" என்று உறுமினால் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். அதில் ஏ.சி. மோட்டார் பிளேயரை ஓட்ட வேண்டாம்.

"ம்ம்ம்" என்று ஓயாமல் ஓர் இரைச்சல்.

பின்னால் இருந்து ஒரு தனி வயர் வரும், நுனியில் கவட்டை மாதிரி. அது எர்த் வயர். ஆம்பிலோ ப்ரீஆம்பிலோ இருக்கும் எர்த் திருகில் மாட்டுங்கள். பாதிப் புகார்கள் இதிலேயே முடிந்துவிடும். ரீகா போன்ற சில தயாரிப்புகளில் தனி வயர் இருக்காது, சிக்னல் கேபிளிலேயே சேர்ந்து வரும். தேடி அலையாதீர்கள்.

எர்த் மாட்டியும் இருக்கிறதா? பிளேயரை ஆம்பிலிருந்து தள்ளி வையுங்கள். ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மருக்கு நேர் மேலேயோ பக்கத்திலேயோ கார்ட்ரிட்ஜ் வந்தால் இரைச்சல் வரும். கை ரெக்கார்டின் வெளி ஓரத்திலிருந்து உள்ளே போகப் போக ஹம் கூடினால் காரணம் அதுதான்.

"ம்ம்" என்றில்லாமல் "ஸ்ஸ்ர்ர்" என்று கூர்மையாகக் கேட்டால் சீலிங் ஃபேனை அணைத்துப் பாருங்கள். திருகும் குமிழ் வகை எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் மின்னலையை வெட்டி வெட்டித் தருவதால் வரும் சத்தம் அது. ஃபேனை முழு வேகத்தில் வைத்தாலோ, ரெகுலேட்டரைப் படிப்படியாக மாறும் கெபாசிட்டர் வகையாக மாற்றினாலோ நின்றுவிடும். டர்ன்டேபிளைத் திருப்பிக் கொடுக்கப் போகும் முன் இதைச் செய்து பாருங்கள்.

ஊசி துள்ளுகிறது, வழுக்கிக்கொண்டு உள்ளே ஓடுகிறது.

ஊசி நுனியில் தூசி உருண்டை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மெல்லிய பிரஷ்ஷால் பின்னிருந்து முன்னோக்கி மட்டும் துடையுங்கள். அடுத்து, ஸ்பிரிட் லெவல் வைத்துப் பிளேயரின் மட்டம். அதன் பிறகு ஊசியின் அழுத்தம்.

அழுத்தம் வைக்கும் முறை: ஊசி மூடியைக் கழற்றி, ஆன்ட்டி ஸ்கேட்டை (கை உள்பக்கம் இழுபடாமல் தடுக்கும் குமிழ்) பூஜ்யத்தில் வைத்து, தூக்கும் லீவரைக் கீழே இறக்குங்கள். கையைப் பிளாட்டருக்கு வெளியே பிடித்துக்கொண்டு, பின்னால் இருக்கும் எடையைத் திருகுங்கள். தராசு முள் மாதிரி கை சமமாக மிதக்கும் இடம் வரும். அங்கே எடையை அசையாமல் பிடித்து, எண் எழுதிய வளையத்தை மட்டும் 0-க்குத் திருப்புங்கள். இப்போது எடையும் வளையமும் சேர்ந்து திரும்பும்படி, வேண்டிய கிராமுக்குக் கொண்டுவாருங்கள். கார்ட்ரிட்ஜ் மாடலைப் பொறுத்து அளவு மாறும்: ஆடியோ டெக்னிகா விஎம்95இ-க்கு 2.0 கிராம், ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட்டுக்கு 1.8 கிராம். ஏடி3600எல்-க்கு 2.5 முதல் 3.5 வரை. ஆன்ட்டி ஸ்கேட்டையும் அதே எண்ணுக்கு வையுங்கள். வளைய எண்ணை நம்பாதவர்கள் 0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிக்கொள்ளலாம், விலை அதிகமில்லை.

"ரெக்கார்டு தேயுமே" என்று அழுத்தத்தைக் குறைப்பவர்கள் உண்டு. உண்மையில் குறைந்த அழுத்தம்தான் ஆபத்து. ஊசி பள்ளத்தின் சுவரில் படியாமல் துள்ளித் துள்ளி வெட்டும். எதிர்ப்பக்கத் தப்பு, ஹெட்ஷெல் மேல் நாணயம் வைப்பது. ஒரு ரூபாய் நாணயமே 3 கிராமுக்கு மேல். 2 கிராம் கேட்கும் ஊசிக்கு 5 கிராம் ஏறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கடைசிப் பாட்டில் மட்டும் "ச", "ஸ" எல்லாம் கிழிகிறது.

வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் விநாடிக்கு அரை மீட்டர் பள்ளம் ஓடும். உள் ஓரத்தில் அது 20 சென்டிமீட்டர் சொச்சம். அதே ஒலியை அவ்வளவு குறுகிய நீளத்தில் திணிப்பதால் அங்கே பிழை முதலில் தெரியும். கார்ட்ரிட்ஜ் கோணலாக மாட்டப்பட்டிருக்கலாம். கார்ட்ரிட்ஜின் கோணத்தைச் சரிபார்க்கும் கோடுகள் போட்ட அலைன்மென்ட் அட்டையை வைத்துத் திருத்துங்கள். டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 கையென்றால் ஹெட்ஷெல் வாஷரிலிருந்து ஊசி நுனிக்கு 52 மில்லிமீட்டர். சரியாக மாட்டியும், புது ரெக்கார்டிலும் கிழிந்தால் ஊசி தேய்ந்துவிட்டது. பழைய ரெக்கார்டில் மட்டும் கிழிந்தால், முன்பு ஓட்டியவர் மொட்டை ஊசியால் உழுதிருக்கிறார். அதற்கு மருந்து இல்லை.

ஊசி எத்தனை நாள் வரும்?

நாள் கணக்கு வேண்டாம், மணிக் கணக்கு. அது ஊசி நுனியின் வடிவத்தைப் பொறுத்தது. ஆடியோ டெக்னிகா சொல்லும் கணக்கில் கூம்பு நுனி 500 மணி, எலிப்டிக்கல் 300, ஷிபாட்டா 800, மைக்ரோலீனியர் 1000. தினம் ஒரு எல்.பி. முழுக்கக் கேட்டால் எலிப்டிக்கல் ஊசி ஒரு வருஷத்துக்குச் சற்று மேல். விஎம்95 வரிசையில் கார்ட்ரிட்ஜ் உடலை வைத்துக்கொண்டு ஊசியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். 78 ரெக்கார்டுக்கான ஊசிகூட அதே உடலில் ஏறும்.

தாத்தா காலத்து எச்.எம்.வி. பெட்டிப் பிளேயரைச் சரிசெய்ய முடியுமா?

ஃபியெஸ்டா, கலிப்ஸோ போன்றவற்றில் மோட்டாரும் ஆம்பும் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். செத்திருப்பது கார்ட்ரிட்ஜ். அந்தக் காலத்து கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜில் இருப்பது ரோஷெல் உப்பு. ஈரக்காற்றில் அது கசிந்து வீணாகும். நம் கடற்கரை ஊர்களில் அலமாரியில் சும்மா வைத்திருந்தாலே போய்விடும். பதிலுக்கு செராமிக் கார்ட்ரிட்ஜ் போடலாம், ஈரம் அதை ஒன்றும் செய்யாது. காந்தக் கார்ட்ரிட்ஜ் போட முயல வேண்டாம். அதன் சிக்னலுக்கு அந்த ஆம்ப் பத்தாது, கனமான கையும் ஒத்துவராது. இப்படிச் சரிசெய்த பிளேயரில் பழைய ரெக்கார்டுகளை ஓட்டுங்கள், புதிதாக வாங்கிய விலை உயர்ந்த எல்.பி.க்களை வேண்டாம்.

78 ரெக்கார்டு பற்றி ஒன்று: அதன் பள்ளம் அகலம். எல்.பி. ஊசி 0.7 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்றால் அதற்கு 3 மில் ஊசி வேண்டும். இந்தப் பழைய ஷெல்லாக் (அரக்கு) ரெக்கார்டை ஆல்கஹாலால் துடைத்தால் மேற்பரப்பு கரையும். நீரில் ஓரிரு சொட்டு சோப்பு போதும், லேபிள் நனையக்கூடாது.

ஆட்டோமேட்டிக் கை பாட்டு முடிந்தும் திரும்ப வருவதில்லை.

கிரீஸ் மெழுகாகிவிட்டது. பிளாட்டரைக் கழற்றி, பழைய கிரீஸை முழுக்க வழித்து, பல் சக்கரத்தின் அச்சில் ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெயும், சறுக்கும் பரப்பில் துளி வெள்ளை லித்தியம் கிரீஸும் வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், ஆறு மாதத்தில் பிசினாகும். பிளாஸ்டிக் கேம் விரிசல் விட்டிருந்தால் அதோடு போராடாமல் கையால் தூக்கி வைத்துக் கேட்பதே மேல்.

புதிதாக வாங்கியதே வேலை செய்யவில்லை. திருப்பிக் கொடுக்கலாமா?

முதலில் இவை: ஊசி மூடி கழற்றியாயிற்றா, கையின் கட்டு அவிழ்த்தாயிற்றா, பெல்ட் புல்லியில் மாட்டியிருக்கிறதா. ஆடியோ டெக்னிகா எல்பி60எக்ஸ் போன்றவற்றில் பெல்ட் பிளாட்டரைச் சுற்றியே வரும். பிளாட்டரின் ஓட்டை வழியே ரிப்பனைப் பிடித்து இழுத்துப் பித்தளைப் புல்லியில் நாம்தான் மாட்ட வேண்டும். "சுற்றவே இல்லை" என்ற புகாரில் பெரும்பங்கு இதுதான்.

உண்மையான பழுது என்றால் பெட்டி, தெர்மோகோல், கவர் எதையும் எறியாதீர்கள். திருப்பி அனுப்பும்போது பிளாட்டரையும் பின் எடையையும் கழற்றித் தனியே பொதியுங்கள். மாட்டியபடி அனுப்பினால் பிளாட்டர் குதித்து ஸ்பிண்டிலையும் கையையும் வளைத்துவிடும், பழியும் உங்கள் தலையில் விழும். கடைக்காரர் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே 2 வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம்.

எப்போது பழுதுபார்ப்பதை விட்டு வேறு வாங்குவது?

கையின் பேரிங் ஆட்டம் கண்டுவிட்டால். ஹெட்ஷெல்லை இரண்டு விரலால் பிடித்து முன்னும் பின்னும் மெதுவாக அசைத்தால் "டிக்" என்று தட்டுப்பட்டால் அதுதான். பிளாட்டர் பேரிங் தேய்ந்து, எண்ணெய் விட்டும் குடகுடப்பு போகாவிட்டால். டைரக்ட் டிரைவ் மோட்டாரின் ஐ.சி. போய், பாகம் கிடைக்காவிட்டால். இவை தவிர மற்றதெல்லாம் சரிசெய்யலாம். சூட்கேஸ் மாடல் பொம்மைப் பிளேயர்கள் விதிவிலக்கு. பின் எடை இல்லை, 5 கிராம் போல அழுத்தம், சரிசெய்ய வழியில்லை. அதற்கு ஊசிக்கு மேல் எதுவும் செலவழிக்காதீர்கள்.

எதை வாங்கலாம்?

பட்டனை அழுத்தினால் பாடவேண்டும், வேறெதுவும் தெரிய வேண்டாம் என்றால் எல்பி60எக்ஸ். கார்ட்ரிட்ஜை மாற்ற முடியாது, ஊசியை மட்டும் மாற்றலாம். நாளை மேலே போகும் எண்ணம் இருந்தால் எல்பி120எக்ஸ். டைரக்ட் டிரைவ், எடை சரிசெய்யலாம், 78 வேகமும் உண்டு. வீட்டில் 78 ரெக்கார்டு இருப்பவர்களுக்கு இதுவே முதல் சிபாரிசு. இசைத் தரம் மட்டும் போதும், 33, 45 போதும் என்பவர்களுக்கு ரீகா பிளானார் 1 அல்லது ப்ரோஜெக்ட் டெபுட். பிளானாரில் வேகம் மாற்ற பிளாட்டரைத் தூக்கி பெல்ட்டை இடம் மாற்ற வேண்டும். 45 நிறைய வைத்திருப்பவர்களுக்கு அது எரிச்சல். பேரன் காலம் வரை ஓடவேண்டும், கையில் பணமும் இருக்கிறது என்றால் டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200எம்.கே.7.

பழசு வாங்கலாமா என்றால், 1979-இல் வந்த எஸ்.எல்.1200எம்.கே.2 இன்றும் புதுப் பிளேயர்கள் பலவற்றுக்குச் சவால்தான். நேரில் போய், பவர் போட்டு, பிளாட்டர் பக்கத்துப் புள்ளிகள் நிலையாக நிற்கின்றனவா பாருங்கள். கை பேரிங்கை மேலே சொன்னபடி அசைத்துப் பாருங்கள். உங்கள் ரெக்கார்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய் இரண்டு பக்கச் சத்தமும் கேளுங்கள். பின்பக்கம் 100 வோல்ட் என்றிருந்தால் அது ஜப்பான் மாடல். 230-இல் செருகுவதற்கு முன் அதற்கேற்ற டிரான்ஸ்ஃபார்மர் விலையையும் பேரத்தில் கழியுங்கள். ஊசி நன்றாக இருக்கிறது என்று விற்பவர் சொன்னாலும், வீட்டுக்கு வந்ததும் புது ஊசி போட்டுவிட்டே நல்ல ரெக்கார்டை எடுங்கள்.